இருபதடிச் சாய்வு, பதினேழடி ஷீட்

ஒரு கூரையின் சாய்வு நீளம் எத்தனை அடி என்று தெரிந்துகொள்ள, ஒரு வாரம் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். சொன்னால் சிரிப்பார்கள். டேப்பைப் பிடித்தால் ஒரு நிமிஷ வேலை, பென்சிலில் போட்டால் இரண்டு வரிக் கணக்கு, இதற்குப் போய் ஒரு வாரமா என்பார்கள். அந்த வாரம் முழுக்க நானும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன். இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சலாக வருகிறது. எரிச்சல் பாதி அந்த மென்பொருள் மேல், மீதி என் மேல்.

2005-ஆம் வருஷம். எனக்கு இருபத்தாறு வயது. தேனியில் ஒரு இன்ஜினியரிடம் படம் வரைகிற வேலை பார்த்தேன். ஆபீஸ் என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். வெங்காய மண்டிக்கு மேல் மாடியில் இரண்டு அறை. ஜன்னலைத் திறந்தால் வெங்காய நெடி, மூடினால் புழுக்கம். சிவில் டிப்ளமோ முடித்துவிட்டு வந்து, முதல் இரண்டு வருஷம் காகிதத்தில் ஸ்கேல் பிடித்து வரைந்தேன். பிறகு கம்ப்யூட்டர் வந்தது. அதைத் தொடத் தெரிந்த ஒரே ஆள் நான் என்பதால் எனக்கு மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலி கிடைத்தது. அதைத் தவிர வேறு உயர்வு ஒன்றும் கிடைக்கவில்லை.

அந்த மென்பொருளை எங்கள் இன்ஜினியர் கோயம்புத்தூருக்குப் போனபோது ஒரு சிடியில் கொண்டுவந்தார். சிடி எங்கே கிடைத்தது என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. அதனால், கோளாறு என்றால் போன் போட்டுக் கேட்கவும் எங்களுக்கு ஆள் கிடையாது. வீட்டை அப்படியே திரையில் எழுப்பிக் காட்டும் அது. சுவர் வைக்கலாம், ஜன்னல் வைக்கலாம், கூரையைப் போட்டு நாலு பக்கமும் சுற்றிப் பார்க்கலாம். வீடு கட்ட வருகிறவர்களுக்கு அதைக் காட்டினால் போதும், வேறு ஆபீஸ் தேடிப் போக மாட்டார்கள். யாராவது படியேறி வந்தால் இன்ஜினியர் என்னைப் பார்த்து, "அந்த வீட்டக் கொஞ்சம் சுத்திக் காட்டும்மா" என்பார். நானும் ராட்டினம் சுற்றுகிற மாதிரி சுற்றிக் காட்டுவேன்.

காட்டுவதில் குறையில்லை. அளவு சொல்வதில்தான் வினை.

சுவரில் ஏணியைச் சாய்த்து வைத்துவிட்டு உச்சி வெயிலில் அதன் நிழலைப் பாருங்கள். ஏணியைவிட நிழல் குட்டையாக இருக்கும். அந்த மென்பொருளில் கூரையின் நீளத்தைக் கேட்டால் அது நிழலின் நீளத்தைச் சொல்லும். மேலிருந்து பார்த்த அளவு. முகட்டில் ஒரு கிளிக், ஓரத்தில் ஒரு கிளிக் என்று அளவெடுத்தால், கூரை எவ்வளவு செங்குத்தாக இருந்தாலும் அதே எண்ணைத்தான் காட்டும். கூரையில் ஷீட் மாட்டுகிறவனுக்கு நிழலை வைத்துக்கொண்டு என்ன பிரயோஜனம்? அவனுக்கு ஏணியின் நீளம் வேண்டும்.

இந்தக் குறை எங்கள் ஆபீஸில் இரண்டு வருஷமாக யார் கண்ணிலும் படவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. தேனி, கம்பம் பக்கம் நாங்கள் போட்ட கூரைகள் எல்லாம் கோழிப்பண்ணை, குடோன், மாட்டுக்கொட்டகை. அங்கே மழை கம்மி. அடிக்கு மூன்று இஞ்ச் சாய்வு வைத்தால் தண்ணீர் ஓடிவிடும். அவ்வளவு லேசான சாய்வில் நிழலுக்கும் ஏணிக்கும் வித்தியாசம் அரை அடிதான் வரும். எங்கள் இன்ஜினியருக்கோ ஒரு வழக்கம். எந்த ஷீட் லிஸ்ட் எழுதினாலும் நீளத்தோடு ஒரு அடி கூட்டச் சொல்வார். மொய் எழுதும்போது நூற்றுக்கு மேல் ஒரு ரூபாய் வைக்கிற மாதிரி அந்த ஒரு அடி. ஏன் என்று அவருக்கும் தெரியாது. "ஒரு அடி சேத்துக்கம்மா, நல்லது" என்பார். அந்த ஒரு அடி, வந்த தப்பையெல்லாம் விழுங்கிக்கொண்டே இருந்தது. எங்கள் அளவு அச்சுப் பிசகாது என்று ஊரில் பேர் வேறு.

அந்தப் பேரைக் கேட்டுத்தான் அந்த அக்கா வந்தார்.

சின்னமனூர்க்காரர். நாற்பது வயது இருக்கும். புருஷனும் கூட வந்திருந்தார், ஆனால் பேச்செல்லாம் அக்காதான். மேகமலைச் சரிவில் அவர்களுக்குச் சின்ன ஏலத்தோட்டம் இருந்தது. ஏலக்காயைப் பறித்த அன்றே சூடேற்றிக் காய வைக்க வேண்டும். தாமதமானால் பச்சை நிறம் வெளுத்துப்போகும். பச்சை போன காயை வியாபாரி கையால் தள்ளிவிட்டுப் போய்விடுவான். இவர்களிடம் காய வைக்கிற ஸ்டோர் இல்லாததால், பறித்த காயைத் தூக்கிக்கொண்டு இரண்டு மைல் தள்ளி இன்னொருவர் ஸ்டோருக்குப் போவார்கள். அங்கே அவர்கள் காய் முடிந்த பிறகுதான் இவர்களுக்கு அடுப்பு கிடைக்கும்.

"அடுத்தவுக அடுப்பு அணையிற வரைக்கும் காத்துக் கெடந்தே பாதிக் காய் வெளுத்துப்போகுது ஆத்தா" என்றார் என்னிடம். "இந்த வருசம் மொத எடுப்புக் காய் எங்க ஸ்டோர்லதான் காயணும். மழைக்கு முன்னாடி கூரை ஏறிரணும். அம்புட்டுத்தான் நான் கேக்குறது."

சுவர் ஏற்கெனவே எழுப்பியாகிவிட்டது. சாக்கு, விறகு அடுக்க மேலே பரண் வேண்டும் என்றார்கள். மலையில் மழையும் பலமாக இருக்கும். அதனால் சாய்வை நன்றாகச் செங்குத்தாக்கி, அடிக்கு ஒன்பது இஞ்ச் வைப்பது என்று இன்ஜினியர் முடிவு செய்தார். அப்போதுதான் எங்கள் பக்கம் கலர் ஷீட் வந்திருந்தது. வேண்டிய நீளத்தைச் சொன்னால் மதுரையில் ஒரே துண்டாக வெட்டித் தருவார்கள். பழைய ஆஸ்பெஸ்டாஸ் என்றால் இரண்டு மூன்று துண்டை ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி மாட்டுவதால், கொஞ்சம் கூடக் குறைய இருந்தாலும் சமாளிக்கலாம். இதில் அந்த வேலை ஆகாது. வெட்டினது வெட்டினதுதான்.

நான் படத்தைப் போட்டேன். சுவருக்குச் சுவர் இருபத்தெட்டு அடி. இரண்டு பக்கமும் இரண்டிரண்டு அடி வெளியே நீட்டினால் முப்பத்திரண்டு. முகட்டிலிருந்து ஒரு பக்கத்துக்குப் பதினாறு. முகடு ஓரத்தைவிடப் பன்னிரண்டு அடி உயரம். படம் அழகாக வந்தது. முகட்டில் ஒரு கிளிக், ஓரத்தில் ஒரு கிளிக். பதினாறு அடி என்றது.

எனக்கு உடனே உறுத்தியது. பதினாறு அடி கிடை, பன்னிரண்டு அடி ஏற்றம் என்றால் சாய்வு எப்படிப் பதினாறாகவே இருக்கும்? பள்ளிக்கூடத்தில் படித்த முக்கோணம்தானே. மூன்று, நான்கு, ஐந்து. நோட்டில் பென்சிலால் போட்டேன். இருபது அடி, சுளையாக.

நோட்டில் வந்த எண் திரையில் வந்துவிட்டால் போதும் என்று அன்றைக்குத் தொடங்கினேன். சுலபமாக வந்துவிடும் என்றுதான் நினைத்தேன். படத்தைச் சாய்த்துப் பக்கவாட்டில் பார்த்தபடி அளவெடுக்கலாம் என்றால், அளவுக் கருவி சாம்பல் நிறத்துக்குப் போய் அமுங்கிக்கொண்டது. கட்டடத்தை நடுவில் வெட்டிப் பார்க்கிற படம் ஒன்று உண்டு. அதில் போய் ஓரத்தைத் தொட்டால், கூரையை விட்டுவிட்டு அது சுவரைப் பிடித்துக்கொண்டது. நான் கூரையைத் தொடுவேன், அது சுவரைப் பிடிக்கும். மறுபடி தொடுவேன், தரையைப் பிடிக்கும். இருபது தடவை தொட்டிருப்பேன். மௌஸை மேஜையில் அடித்ததில் அதன் பந்து கழன்று உருண்டு ஓடியது. தவழ்ந்துபோய் எடுத்து வந்து மாட்டினேன்.

உதவிப் பக்கத்தைத் திறந்தேன். கூரை என்ற தலைப்பில் எட்டுப் பக்கம். ஓட்டின் நிறத்தை எப்படி மாற்றுவது, பனி விழும் நாட்டில் எப்படிக் கூரை போடுவது என்றெல்லாம் எழுதியிருந்தது. சாய்வு அளவுக்கு வேறொரு அத்தியாயத்தைப் பார்க்கச் சொன்னது. அந்த அத்தியாயம் எங்கள் சிடியில் இல்லை.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து பிரவுசிங் சென்டருக்குப் போய், இந்த மென்பொருளைப் பற்றிப் பேசிக்கொள்ளும் ஒரு தளத்தில், எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேள்வியைப் போட்டேன். மூன்றாம் நாள் பதில் வந்திருந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால், எந்த வெர்ஷன், லைசென்ஸ் எண் என்ன என்று யாரோ ஒரு வெள்ளைக்காரர் மரியாதையாகக் கேட்டிருந்தார். நானும் மரியாதையாக ஜன்னலை மூடிவிட்டு வந்தேன்.

இதற்கிடையில் இன்ஜினியர் அரை மணிக்கு ஒரு தடவை எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, இன்னும் அந்தக் கூரையிலயேவா ஏறி உக்காந்திருக்க? லிஸ்ட்டு எங்கன?"

"சார், சாய்வு நீளம் வரமாட்டேங்குது சார்."

"அதான் பதினாறுன்னு போட்டிருக்குல்ல?"

"அது கிடை அளவு சார்."

"என்ன கிடை? முகட்டுல இருந்து ஓரத்துக்குத்தானே எடுத்த?"

அவருக்குப் புரியாமல் இல்லை. படித்த மனுஷர். பொறுமையாக உட்கார்ந்து யோசித்தால் ஒரு நிமிஷத்தில் புரிந்திருக்கும். ஆனால் உட்கார நேரமில்லை. வீரபாண்டித் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. எங்கள் வெல்டர் அந்த வருஷம் தீச்சட்டி எடுக்க நேர்ந்திருந்தார். ஷீட் மாட்டுகிற ஆட்கள், லாரிக்காரர் எல்லாரும் கோயிலில்தான் கிடப்பார்கள். திருவிழாவுக்கு முன்னால் லிஸ்ட் மதுரைக்குப் போய்விட வேண்டும். அப்போதுதான் திருவிழா முடிவதற்கும் ஷீட் வருவதற்கும் சரியாக இருக்கும். இரும்புச் சட்டம் ஏறிய பிறகு டேப்பைப் பிடித்து அளந்து லிஸ்ட் போடலாம் என்று நான் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. அதற்குள் மழை பிடித்துவிடும் என்றார். அதுவும் நியாயம்தான்.

நாலாம் நாள் எனக்கு ஒன்று சிக்கியது. கூரையைத் தொட்டு வலது பக்க பட்டனை அழுத்தினால் ஒரு பெட்டி திறக்கும். சாய்வு எத்தனை டிகிரி, கனம் எவ்வளவு என்று அதில் இருக்கும். அடிக்கு இத்தனை இஞ்ச் என்று சொன்னால் அதற்குப் புரியாது, டிகிரியில்தான் கேட்கும். அந்தப் பெட்டியின் அடியில் சின்ன எழுத்தில் கூரையின் பரப்பளவு இருந்தது. ஆயிரத்து அறுநூறு சதுர அடி.

எனக்கு உடம்பெல்லாம் சூடேறிவிட்டது. கட்டட நீளம் ஓரத்தோடு சேர்த்து நாற்பது அடி. நிழல் கணக்குப்படி என்றால் நாற்பதை முப்பத்திரண்டால் பெருக்கி ஆயிரத்து இருநூற்று எண்பது வர வேண்டும். ஆயிரத்து அறுநூறு என்கிறது. அப்படியென்றால் நீளம் நாற்பது, இரண்டு சாய்வும் சேர்த்து நாற்பது. ஒரு பக்கத்துக்கு இருபது. அதற்குத் தெரிந்திருக்கிறது! சாய்வு இருபது அடி என்பதை உள்ளே வைத்துக்கொண்டே என்னிடம் நாலு நாளாகப் பதினாறு, பதினாறு என்று சாதித்திருக்கிறது. தெரியாத ஜடம் என்றால் மன்னித்துவிடலாம். தெரிந்தும் வாயைத் திறக்காமல் இருந்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. "அடப்பாவி" என்று கத்தியதில் கீழே மண்டியில் மூட்டை தூக்குகிறவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள்.

இன்ஜினியரைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினேன். பெருக்கி, வகுத்து, நோட்டுக் கணக்கையும் பக்கத்தில் வைத்தேன்.

அவர் நோட்டைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். "பரப்பளவு வேற, நீளம் வேறம்மா. அதுல கனம், மடிப்பு எல்லாம் சேந்திருக்கும்" என்றார். பிறகு வழக்கமான கிண்டல் சிரிப்பைச் சிரித்தார். "உன் பென்சில் கணக்குத்தான் எனக்குத் தெரியுமே."

அது ஒரு பழைய கதை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மாடிப்படியில் ஒரு படியைக் குறைத்துக் கணக்குப் போட்டுவிட்டேன். கொத்தனார் கண்டுபிடித்துச் சரி செய்துவிட்டார். அதோடு போகவில்லை. நான் பென்சிலை எடுக்கும்போதெல்லாம் அந்தப் படியை எடுத்து என் தலையில் போடுவார்.

"அவுககிட்ட கம்ப்யூட்டர் அளவுன்னு சொல்லித்தான் வேலை வாங்கியிருக்கோம். பிரின்ட்டுல பதினாறு, லிஸ்ட்டுல இருபதுன்னா பாக்குறவுக என்னம்மா நினைப்பாக? பதினாறோட ஒண்ணு சேத்துப் பதினேழு போடு. பதினேழு மனையடி சாஸ்திரத்துக்கும் நல்ல கணக்கு."

கூரைக்கு ஏது மனையடி என்று கேட்டிருக்கலாம். இருபதுதான் சரி, இல்லையென்றால் நான் எழுத மாட்டேன் என்று நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்திருக்கலாம். போன் நம்பர் என் நோட்டிலேயே இருந்தது, அந்த அக்காவுக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒன்றும் செய்யவில்லை. எனக்கு அப்படி ஒரு ஆங்காரம். எழுதிக் கொடுக்கிறேன், போகட்டும், மலையில் ஏற்றிப் பார்க்கும்போது தெரியட்டும், யார் கணக்கு சரியென்று அப்போது தெரியட்டும். இதுதான் அந்த நேரத்தில் என் மனதில் ஓடியது. அதில் அக்காவோ, அவர்கள் ஏலக்காயோ, மழையோ கடுகளவும் இல்லை. பதினேழு அடி என்று டைப் செய்து பிரின்ட் எடுத்தேன். அடியில் இன்ஜினியர் கையெழுத்துப் போட்டு சீல் குத்தினார். எங்கள் ஆபீஸில் எந்த லிஸ்ட்டிலும் என் கையெழுத்து இருக்காது. அன்றைக்கு அது வசதியாகத்தான் இருந்தது.

திருவிழா முடிந்தது. இரும்புச் சட்டம் ஏறியது. அதில் தப்பில்லை, ஏனென்றால் வெல்டர் அகலத்தையும் நடு உயரத்தையும் மட்டும் வாங்கிக்கொண்டு குழாயை அங்கேயே வைத்துப் பார்த்து வெட்டிக்கொள்வார். ஷீட் மலையேறிய மறுநாள் இன்ஜினியர் என்னையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டார். திரையில் சுற்றிக் காட்டியதை நேரில் பார்க்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ. சின்னமனூரிலிருந்து மேலே போகிற அந்த ரோட்டில் எலும்பெல்லாம் இடம் மாறியது. வழியெல்லாம் வானம் கறுத்துக்கொண்டே வந்தது. நாங்கள் போய்ச் சேரும்போது முதல் வரிசை ஷீட்டை மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

இறங்கும்போதே பார்த்துவிட்டேன். பச்சை ஷீட் முகட்டிலிருந்து இறங்கி வந்து, சுவரின் நடுமண்டையோடு நின்றுவிட்டது. அதற்குக் கீழே இரும்புக் குழாய்கள் வெறுமனே நீட்டிக்கொண்டிருந்தன. போன பொங்கலுக்குத் தைத்த சட்டையை இந்தப் பொங்கலுக்குப் போட்ட பிள்ளையின் கை மாதிரி.

"சார், ஷீட்டு எட்டல சார்!" என்று வெல்டர் மேலேயிருந்து கத்தினார். "மூணு அடி பத்தல! மழ பேஞ்சா சுவத்து மேலதான் ஊத்தும்!"

சுவரை ஒட்டி உள்பக்கம்தான் அடுப்பும் சூட்டுக் குழாய்களும் இருந்தன. இன்ஜினியர் லிஸ்ட்டை எடுத்துப் பார்த்தார். அதில் என்ன இருக்கிறது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். ஆனாலும் மேலும் கீழுமாகப் பார்த்தார். நான் சொன்னதுதான் நடந்திருந்தது. ஆங்காரத்தோடு நான் காத்திருந்த நேரம் அதுதான். வந்த பிறகு, நான் ஜீப்பை விட்டு நகரவில்லை.

அக்கா இன்ஜினியரிடம் போகவில்லை. நேரே என்னிடம் வந்தார். கோபமாகக்கூட வரவில்லை.

"ஏன் ஆத்தா, நீதான வரைஞ்ச? இது முன்னாடியே தெரியலயா உனக்கு?"

இன்ஜினியர் என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்ததை இன்று வரை மறக்கவில்லை. கெஞ்சல் அது. அதுவரை அவர் என்னிடம் கெஞ்சி நான் பார்த்ததில்லை. என் நோட்டு தோள்பையில் இருந்தது. இருபது அடி என்று பென்சிலில் போட்டு இரண்டு கோடு அடித்த பக்கம் அதில் இருந்தது.

"தெரியலக்கா" என்றேன்.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "சரி விடு. தெரியாமச் செஞ்சதுக்கு என்ன செய்ய" என்றார்.

"கம்ப்யூட்டர் மிஸ்டேக்கும்மா" என்று இன்ஜினியர் ஆரம்பித்தார். அக்கா அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை.

கீழே ஒட்டுப்போட நாலரை அடித் துண்டுகளுக்குச் சொல்லிவிட்டோம். இன்ஜினியர் தன் செலவிலேயே வரவழைத்தார், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் துண்டுகள் சின்னமனூர் வரை வந்து அங்கேயே கிடந்தன. மழை பிடித்து, மண் சரிந்து, ரோடு அடைத்துவிட்டது. ஜூன் முழுக்க அக்கா வீட்டார் சுவர் மேல் தார்ப்பாயையும் சாக்கையும் போட்டுக் கல்லை ஏற்றிக் காபந்து பண்ணினார்கள். மலைக்காற்று தார்ப்பாயைக் கிழித்தது. சூட்டுக் குழாய்கள் துருப்பிடித்தன. துண்டுகள் மேலே போய்ச் சேர்வதற்குள் முதல் எடுப்பு வந்துவிட்டது. அந்த முதல் எடுப்பு, பழையபடி இரண்டு மைல் தள்ளி அடுத்தவர் ஸ்டோரில், அவர்கள் அடுப்பு அணையும் வரை காத்துக் கிடந்து வெளுத்தது. இதையெல்லாம் வெல்டர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் மலைக்குப் போகவில்லை. அக்காவுக்குப் போன் போடவும் எனக்குத் தைரியம் வரவில்லை.

இன்ஜினியர் அதற்குப் பிறகு என் பென்சில் கணக்கைக் கிண்டல் செய்யவில்லை. சம்பளத்தைக் கேட்காமலேயே கூட்டினார். அந்தச் சம்பளம் கையில் வரும்போதெல்லாம் எனக்குக் கூச்சமாக இருந்தது. ஒரு வருஷம் தாக்குப்பிடித்தேன். பிறகு கல்யாணம் ஆகிச் சின்னமனூருக்கு வந்ததும், வீட்டு முன்னறையில் ஒரு கம்ப்யூட்டரைப் போட்டு நானே படம் வரைய ஆரம்பித்தேன். போர்டுகூடச் சரியாக மாட்டவில்லை. ஆனாலும் ஆள் வந்தார்கள். அதிலும் மலைக்காரர்கள் நிறைய வந்தார்கள். ஏலத்தோட்டம் வைத்திருக்கிறவர்கள், ஸ்டோர் கட்டுகிறவர்கள், கங்காணிகள். ஜாதகம் பார்த்துக்கொண்டு வந்தவர்கள் மாதிரி நேராக என் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். யார் சொல்லி வந்தீர்கள் என்று நான் கேட்டதில்லை. என் வேலை சுத்தம், அதனால் வருகிறார்கள் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

2010-இல் அந்த மென்பொருளின் புது வெர்ஷன் வந்தது. காசு கொடுத்தே வாங்கினேன். கூரையைத் தொட்டு ஒரே ஒரு கிளிக். கிடை நீளம், சாய்வு நீளம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டியது. எனக்குச் சந்தோஷம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இவ்வளவுதானா? இதற்கு ஐந்து வருஷமா? திரையைப் பார்த்து ரொம்ப நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அடுத்து வந்த தை மாதம், காலை பத்து மணி வாக்கில், அக்கா வாசலில் வந்து நின்றார். கொஞ்சம் நரைத்திருந்தார். சட்டென்று எழுந்து நின்றேன். உட்கார வைத்து டீ கொடுத்தேன்.

"ஸ்டோர் எப்பிடிக்கா இருக்கு?"

"இருக்கு. அந்த ஒட்டுப்போட்ட எடத்துல மட்டும் ஒழுகும்."

"எப்பவுமா?"

"மழைக்கு மட்டும்" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பிறகு மடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தாகிவிட்டது, தோட்டத்து வீட்டை ஒட்டி ஒருபக்கச் சரிவாக ஒரு சாய்ப்பு இறக்க வேண்டும், அளவெல்லாம் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன் என்றார்.

"எங்க வீட்டுக்காரர் தேனியிலயே குடுப்போம்னாரு. நான்தான் முடியாதுன்னேன். நீதான் ஆத்தா போடணும். அன்னைக்கு அம்புட்டுப் பேர் முன்னாடி தெரியலன்னு உள்ளத ஒத்துக்கிட்டல்ல. உங்க இன்ஜினியரு கம்ப்யூட்டரு, அது இதுன்னு சாக்குச் சொன்னாக. நீ சொல்லல. அத நான் மறக்கல. மலையில எங்கிட்ட யார் வந்து கேட்டாலும், 'சின்னமனூர்ல ஒரு புள்ள இருக்கு, பொய் சொல்லாது, அங்கன போங்க'ன்னுதான் அனுப்பி வைக்கேன்."

வாசலில் வந்து நின்ற மலைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கண்ணுக்கு முன்னால் வந்தார்கள். நாலு வருஷப் பிழைப்பு. என் வேலை சுத்தம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த பிழைப்பு.

அப்போதும் பேசாமல் இருந்திருக்கலாம். காகிதத்தை வாங்கிக்கொண்டு, இன்னொரு டீ வேண்டுமா என்று கேட்டிருந்தால் முடிந்திருக்கும். கம்ப்யூட்டர் பக்கத்திலேயே இரைந்துகொண்டிருந்தது. ஆயிரத்து அறுநூறைச் சின்ன எழுத்தில் ஒளித்து வைத்திருந்த அந்தப் பெட்டி ஞாபகத்துக்கு வந்தது.

"அக்கா, அன்னைக்கு எனக்குத் தெரியும்" என்றேன்.

"என்னது?"

"ஷீட்டு பத்தாதுன்னு தெரியும். இருபது அடி வேணும்னு நோட்டுல கணக்குப் போட்டு வச்சிருந்தேன். சார் கேக்கலன்னு கோவத்துல பதினேழுன்னு எழுதிக் குடுத்துட்டேன். நீங்க கேட்டப்பவும் தெரியலன்னு பொய் சொன்னேன்."

அக்கா டம்ளரைக் கீழே வைத்தார். என் முகத்தையே பார்த்தார். வைவார் என்று எதிர்பார்த்தேன். வைதிருந்தால் தேவலை.

"மொத எடுப்ப எம்மகதான் தலையில தூக்கிட்டுப் போனா. அந்த மழையில" என்றார். பிறகு, "இத அன்னைக்கே அங்கனயே சொல்லியிருந்தா நாலு வார்த்த வஞ்சிருப்பேன். அத்தோட போயிருக்கும். இம்புட்டு வருசமா உன்னைய நல்லவ, நல்லவன்னு ஊர்பூராம் சொல்லிக்கிட்டு அலைஞ்சிருக்கேனே ஆத்தா" என்றார்.

எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. மேஜையில் கிடந்த காகிதத்தை என் பக்கம் தள்ளினார்.

"இதுக்கு எத்தன அடி வேணும்? இப்பவே சொல்லு. அந்தப் பொட்டியத் தொடாத."

பென்சிலை எடுத்தேன். கிடை பன்னிரண்டு, இறக்கம் ஐந்து. இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன்.

"பதிமூணு அடிக்கா."

"ஒரு அடி கூட்டணுமா?"

"வேணாம். பதிமூணு சரியா இருக்கும்."

"எழுது. எழுதி, கீழ உன் பேரப் போட்டுக் கையெழுத்துப் போடு."

போட்டுக் கொடுத்தேன். ஒரு ஷீட் லிஸ்ட்டில் நான் போட்ட முதல் கையெழுத்து அது. அக்கா அதை எழுத்துக் கூட்டி மெதுவாக வாசித்தார். நாலாக மடித்து மடியில் செருகிக்கொண்டார். வாசல்படியில் இறங்கும்போது, "மாட்டுற அன்னைக்கு நீயும் மேல வரணும்" என்று திரும்பிப் பார்க்காமல் சொல்லிவிட்டுப் போனார்.